வாரம் ஒருமுறை வரும் பிள்ளைகள்: முதியவர்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

உங்கள் அம்மாவுக்கு 78 வயது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே வாரம் ஒரு நாள் பக்கத்து மழலையர் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து முதியவர்களோடு பழகவிடும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள். பெயர் கொடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு அம்மா, “பெத்ததுங்கள வளர்த்து ஆளாக்கியாச்சு, இனி ஊரார் பிள்ளைய வேற பார்க்கணுமா?” என்று சொல்லிவிட்டார். இதில் முதியவர்களுக்கு நிஜமாகவே பலன் இருக்கிறதா, இல்லை படம் பிடித்துப் போடுவதற்கான ஏற்பாடா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: “பழகின குழந்தை வராமல் நின்றுபோனால் அம்மா தாங்குவாரா?” முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். உங்களை உறுத்திக்கொண்டிருப்பது இந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். ஆகவே பதிலும் அதை நோக்கியே போகும்.

முதியோர் நலப் பணியில் எனக்கு 19 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 11 ஆண்டுகள், இல்லத்து முதியவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைக்கும் அமர்வுகளை நடத்தியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. குழந்தை உளவியலும் படிக்கவில்லை. அதனால் பிள்ளைகளுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதைத் தொடாமல் விடுகிறேன். முதியவர் பக்கம் உட்கார்ந்து பார்த்ததையும், அந்தப் பக்கத்தைப் பற்றி ஆய்வுகள் சொல்வதையும் மட்டும் சொல்கிறேன்.

பலன் உண்டு. ஆனால் பலரும் எதிர்பார்க்கிற இடத்தில் அது இல்லை. குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் முகம் மலரும். பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினால் முதியவர்கள் கைதட்டுவார்கள். அந்த மகிழ்ச்சி மெய்தான், சாயங்காலத்துக்குள் கரைந்தும் போய்விடும். மறுவாரம் வரை ஒருவர் மனதில் தங்குவது வேறு. அமர்வு முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, கட்டிலருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். “பிள்ளைங்க நல்லாப் பாடுச்சுங்க” என்று சொன்னவர்கள் குறைவு. “அந்தப் பொண்ணு உள்ள வந்ததுமே என்னத் தேடுச்சு” என்பார்கள். “போன வாரம் நான் வரலைன்னு கேட்டுச்சாம்” என்பார்கள். இந்தத் ‘தேடுச்சு’ என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வயதான ஒருவரை விசாரிக்க நிறையப் பேர் இருப்பார்கள்: மாத்திரை போட்டாயிற்றா, தூங்கினாரா, வயிறு சரியாக இருக்கிறதா. விசாரிப்பது வேறு, தேடுவது வேறு.

ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 81 வயதில் ஓர் அம்மையார் எங்கள் அமர்வுக்கு வருவார். வருவார் என்றால், சக்கர நாற்காலியில் அழைத்து வந்து சுவரோரம் விடுவார்கள், அப்படியே இருப்பார். பாட்டு, விளையாட்டு எதிலும் சேர மாட்டார். ஒருநாள் பிள்ளைகள் அட்டையில் கம்பளி நூல் சுற்றிப் பூ செய்துகொண்டிருந்தார்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவனின் நூலுருண்டை கன்னாபின்னாவென்று சிக்கிவிட்டது. உதவிக்கு நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். எங்களைக் கடந்து நேராக அவரிடம் போனான். அங்கே அவர் ஒருவர்தான் சும்மா இருந்தார், அதனால் இருக்கலாம். சிக்கலை அவர் மடியில் வைத்து, “இது வர மாட்டேங்குது” என்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை, நூலைத்தான் பார்த்தார். பிறகு நகத்தால் ஒரு முடிச்சை நெருடி, அடியிலிருந்த இழையை மேலே தூக்கி, அதன் வழியாக நூல்முனையை உருவினார். அவசரப்பட்டு இழுக்கவேயில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. பையன் அவர் முழங்காலில் கையை வைத்தபடி அங்கேயே நின்றான். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் முனையை அவன் சுட்டுவிரலில் சுற்றிவிட்டு, “இப்பிடிப் பிடிச்சுக்கிட்டுச் சுத்து, சிக்காது” என்றார். அந்த அறையில் அவர் பேசி நாங்கள் கேட்ட முதல் வாக்கியம் அது.

அடுத்த வாரம் அவன் இன்னொரு சிக்கலோடு வந்தான். தானாகச் சிக்கியதா, அவனே சிக்கவைத்தானா தெரியாது. மூன்றாவது வாரம் இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவது வாரம் நான் ஒரு தவறு செய்தேன். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறதே, சிரமம் வேண்டாம் என்று முந்தின நாள் மாலையே எல்லா நூலையும் பிரித்து, உருட்டி, கூடையில் அடுக்கி வைத்துவிட்டேன். அவர் வந்தார், கூடையைப் பார்த்தார், பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பக் கேட்டார். “இன்னிக்கு அங்க எனக்கு வேலை இல்ல” என்று பராமரிப்பாளரிடம் சொல்லியிருக்கிறார். அன்பாகச் செய்கிறோம் என்ற நினைப்பில் ஒருவரிடமிருந்து எதைப் பிடுங்கிவிட முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எந்த அமர்வுக்கும் எல்லாவற்றையும் தயாராக வைப்பதில்லை. பிரிக்காத நூல், சீவாத பென்சில், ஒட்டாத உறை என்று முதியவர் கை பட வேண்டிய வேலை ஏதாவது மிச்சமிருக்கும்.

நான் அன்று தட்டுத்தடுமாறிக் கற்றதை உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-லேயே எழுதிவிட்டார். மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த அவர், ஏழாவது கட்டத்தின் மையமாக வைத்தது அடுத்த தலைமுறையை உருவாக்கி வழிநடத்தும் அக்கறையை. முதிர்ந்த மனிதருக்கு, தான் யாருக்காவது தேவைப்பட வேண்டும் என்பதே ஒரு தேவை என்பது அவர் கருத்து. முதலில் அதை நடுவயதுக்கு உரியதாகத்தான் வைத்தார். முதுமையிலும் அது தணிவதில்லை என்பதை அவரே பிற்காலத்தில் எழுதினார். இதைப் பரிசோதித்துப் பார்த்த ஆய்வுகளில் நான் பெரிதும் மதிப்பது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்தது. ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’ என்று பெயர். 60 வயதும் அதற்கு மேலும் ஆன 702 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய், வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்க உதவினார்கள். அடுத்த தலைமுறைக்கு நான் ஏதோ செய்கிறேன் என்ற உணர்வு இந்தப் பிரிவில் சில மாதங்களிலேயே கூடியது, இரண்டு ஆண்டு முடிவிலும் குறையாமல் நின்றது. குலுக்கிப் போட்டுப் பிரித்ததால், ஏற்கெனவே பிள்ளைகள் மேல் பிரியமுள்ளவர்கள் மட்டும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது என்று நான் நினைப்பது இதைத்தான்.

இதே ஆய்விலிருந்து இன்னொரு செய்தி கிளம்பிப் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது: பிள்ளைகளோடு பழகினால் மூளை வளரும் என்று. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளைப் படம் எடுக்கப்பட்டவர்கள் 111 பேர். பள்ளிக்குப் போன ஆண்களுக்கு, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இரண்டு ஆண்டில் சுருங்காமல் சற்றே கூடியிருந்தது. பெண்களிடம் அந்த அளவுக்குத் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. அதுவும் வாரம் 15 மணி நேரம், வீட்டிலிருந்து கிளம்பி, படியேறி இறங்கி, பாடம் நடத்தித் திரும்பிய ஆரோக்கியமானவர்களுக்கு. நடையால் வந்ததா, பாடம் நடத்தியதால் வந்ததா, கூட வந்த மற்ற முதியவர்களின் நட்பால் வந்ததா, பிள்ளைகளால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜப்பானில் 2004-ல் தொடங்கிய ‘ரீப்ரின்ட்ஸ்’ என்ற திட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே முதியவர்கள் பல வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு, பள்ளிகளிலும் மழலையர் காப்பகங்களிலும் படக்கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டுகிறார்கள். நல்ல பலன்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் எந்தப் புத்தகம் என்று தேடித் தேர்ந்தெடுப்பது, ஒத்திகை பார்ப்பது, குழுவாகக் கூடிப் பேசுவது எல்லாமே அவர்களுக்குப் பயிற்சிதான். உங்கள் அம்மாவின் இல்லத்தில் நடக்கப்போவது வாரத்துக்கு முக்கால் மணி நேரம். அதனால் ஞாபகசக்தி கூடும் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை நம்பி அவரை அனுப்பாதீர்கள்.

ஆய்வுகளைப் பற்றி இன்னும் ஒன்று. இந்தத் துறையில் வந்தவற்றில் பெரும்பாலானவை சிறியவை. இருபது முப்பது பேரோடு சில வாரம் நடந்தவை. விரும்பி வந்தவர்களிடம்தான் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். நடுவில் நின்றுவிட்டவர்களை யாரும் தேடிப்போய்க் கேட்பதில்லை. நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை.

கேட்க ஆரம்பித்தபோதுதான் இதன் மறுபக்கம் தெரிந்தது. எல்லாரும் குழந்தைகளை விரும்புவார்கள் என்பது பொய். ஆறு வயதில் மகளைப் பறிகொடுத்த ஒருவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியும் அந்த உயரத்தில் ஒரு பெண் குழந்தை ஓடி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். குழந்தை இல்லாததற்காகவே வாழ்நாளெல்லாம் ஏச்சு வாங்கிய ஒரு பெண்மணியிடம், “வாங்க பாட்டி, பேரப்பிள்ளைங்க வந்திருக்காங்க” என்று எங்கள் தன்னார்வலர் கூப்பிட்டுவிட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து பேரப்பிள்ளைகள் என்ற வார்த்தையை அமர்வில் பயன்படுத்துவதில்லை. பிள்ளைகள் அவரவரைப் பெயரோடு சேர்த்தே கூப்பிடப் பழக்குகிறோம். தூரதேசத்தில் பேரன் பேத்தி உள்ளவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் ஆறுதலாவதும் உண்டு, புண்ணைக் கிளறுவதும் உண்டு. ஒரே ஆளுக்கு ஒரு வாரம் அப்படியும் மறுவாரம் இப்படியும் இருக்கும்.

வெறுப்பு என்று நாம் நினைப்பது சில சமயம் வெறும் காது. முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். சின்னப் பிள்ளைகளின் குரலோ கீச்சுக்குரல், மழலை வேறு. பதினைந்து பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்து கத்தினால், காது மந்தமானவருக்கு அது பேச்சாக வந்து சேராது, இரைச்சலாகத்தான் விழும். காது கேட்கும் கருவி வைத்திருந்தால் இன்னும் கஷ்டம். பாத்திரம் உருளுகிற சத்தமும் பிள்ளையின் சத்தமும் சேர்ந்தே பெருகும். “என்னமோ கேக்குது, எனக்குப் புரியல, சிரிச்சு வச்சேன்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படிச் சிரித்து வைத்துவிட்டு வருவது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை அவர் சொன்ன விதத்தில் தெரிந்துகொண்டேன். ஒரு முதியவருக்கு ஒரு பிள்ளை, அதிகம் போனால் இரண்டு, அமைதியான மூலை, முகத்துக்கு நேரே உட்காரும்படி நாற்காலி. இதைச் செய்ததும், பிள்ளைகளைப் பிடிக்கவில்லை என்று சொன்ன சிலருக்குப் பிடித்துப்போனது.

பிள்ளைகளிடம் மட்டுமே கிடைக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் நோயாளிக் கோப்பைப் படித்துவிட்டு வருவதில்லை. கடைசல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர். பார்க்கின்சன் நோயால் வலது கை ஆடிக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிற பெரியவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்க்காமல் பேசப் பழகியிருந்தார்கள்; அவரும் அதைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். நாலரை வயதுப் பெண் ஒருத்தி முதல் நாளே, “ஏன் உங்க கை ஆடுது?” என்றாள். ஆசிரியை பதறிப்போய்ப் பிள்ளையை இழுக்க வந்தார். அவர் கையமர்த்திவிட்டு, “அதுக்கு ஒரு வியாதி. நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டேங்குது” என்றார். அவள் கொஞ்ச நேரம் கையையே பார்த்துவிட்டு, “சரி, நான் பேப்பரைப் பிடிச்சுக்கறேன், நீங்க வரைங்க” என்றாள். அன்று அவர் ஒரு பல்சக்கரம் வரைந்தார், கோணல்மாணலாக. பற்களை அவள் எண்ணினாள். மறுவாரத்திலிருந்து துண்டு இல்லாமல் வந்தார். பரிதாபமும் இல்லாமல், பாசாங்கும் இல்லாமல் உடம்பின் குறையை ஒருவர் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது, அவருக்கு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது.

நீங்கள் பயப்படுகிற அந்தப் படம் பிடிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. முதியவர்களுக்குக் காகிதக் கிரீடம் மாட்டி, யானைப் படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுத்து, பிள்ளைகளிடம் பேசுகிற அதே கொஞ்சல் குரலில் அவர்களிடமும் பேசுவது. சோனியா சலாரி என்ற ஆய்வாளர் 2002-ல் முதியோர் பகல் பராமரிப்பு மையங்களைப் பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டியது இதைத்தான்: பிள்ளைகளையும் முதியவர்களையும் ஒன்றாக வைத்து, இருவரையும் ஒரே வயதினராக நடத்தினால், முதியவர் சிறுபிள்ளையாக்கப்படுகிறார், அங்கே நட்பு வளர்வதில்லை. வாழ்நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு தலைமையாசிரியை கையில் வண்ணக்குச்சியைத் திணித்து, “கோட்டுக்கு வெளிய போகாம அடிங்க பாட்டி” என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. உங்கள் அம்மாவின் மறுப்புக்குள் இந்த பயமும் இருக்கலாம்.

மறதிநோய் உள்ளவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இல்லத்தில் அப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை வந்ததே ஞாபகமிருக்காது, அப்புறம் எதற்கு என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-ல் நடந்த ஆய்வு ஒன்றில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். எதைப் பார்த்தோம் என்பது சற்று நேரத்தில் பெரும்பாலும் மறந்துபோனது. அது தந்த உணர்ச்சி மறக்காமல் நின்றது. சோகம் நின்றதையும் கவனியுங்கள். அவசர அவசரமாக நடத்தி, குழப்பி, அதட்டி அனுப்பினால் அந்தக் கலக்கமும் அப்படியே உள்ளே நிற்கும், எதனால் என்று அவருக்கே தெரியாமல்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். 1976-ல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் ஒரு முதியோர் இல்லத்தில் சுமார் 40 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். பார்க்க வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் இல்லை. ஆனாலும் நம் விஷயத்துக்கு இதைவிட நெருக்கமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பிரிவினர், மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எப்போது வருவார் என்பது முன்கூட்டியே தெரியும். மூன்றாவது பிரிவினரிடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நான்காவது பிரிவினரைப் பார்க்க யாரும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் இரண்டு பிரிவினரும் உடலாலும் மனதாலும் மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். சொல்லாமல் வந்து போனதால் மட்டும் பெரிய பலன் இல்லை. ஆய்வு முடிந்தது, மாணவர்கள் போய்விட்டார்கள். ஷுல்ஸும் பார்பரா ஹனுசாவும் பின்னாளில் அதே முதியவர்களைத் தொடர்ந்து பார்த்து 1978-ல் எழுதினார்கள்: நன்றாக இருந்த அந்த இரண்டு பிரிவினரும்தான் மளமளவென்று சரிந்திருந்தார்கள். யாரும் வராத பிரிவினரைவிட மோசமாக. ஒருவரை எதிர்பார்க்கப் பழக்கிவிட்டு, அந்த எதிர்பார்ப்புக்கு எதிரே இருந்ததை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை. ஓர் இல்லம், ஓர் ஆய்வு என்பதால் எங்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் நேரில் பார்த்ததும் இதற்கு முரணாக இல்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு வேறு வகுப்புப் பிள்ளைகள் வந்தபோது, தன் ஆள் வரவில்லை என்று தெரிந்ததும் அதற்குப் பிறகு அறையை விட்டே வராதவர்கள் எனக்குத் தெரியும். எங்களுக்கு அது புதிய கல்வியாண்டு, அவ்வளவுதான். அவர்களுக்கு அப்படி இல்லை என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

ஆகவே, அம்மா தாங்குவாரா என்று கேட்டால், அது அம்மாவின் மனத்திடத்தைவிட, முடிவை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைத்தான் பொறுத்தது. எந்தத் தேதியில் முடியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி வலி குறைகிறது. கடைசி மூன்று வாரமும் பிரிவைப் பேசியே கழிக்கிறோம். இருவரும் சேர்ந்து செய்த ஏதாவது ஒரு பொருளில் பாதி முதியவரிடமும் பாதி பிள்ளையிடமும் போகிறது. அடுத்த வகுப்புக்குப் போன பிள்ளை மாதம் ஒருமுறையாவது எட்டிப் பார்க்கப் பள்ளியோடு பேசி வைத்திருக்கிறோம். இதையெல்லாம்விட நல்ல வழி, வந்து போவது என்ற நிலையே இல்லாமல் பக்கத்திலேயே இருப்பது. டோக்கியோவின் எடோகாவா பகுதியில் உள்ள ‘கோட்டோஎன்’ முதியோர் இல்லம் 1976-லிருந்தே மழலையர் காப்பகத்தையும் சேர்த்து நடத்துகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ‘பிராவிடென்ஸ் மவுண்ட் செயின்ட் வின்சென்ட்’ என்ற இல்லத்துக்குள்ளேயே 1991-லிருந்து குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அங்கெல்லாம் பிள்ளை இன்று வராவிட்டால் நாளை நடைவழியில் கண்ணில் படும். வாரம் ஒருமுறை ஏற்பாட்டில் அந்த வசதி இல்லை. அதனால்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

போவது பிள்ளை மட்டுமில்லை. முதியவரும் போவார். ஒருமுறை ஒருவர் இறந்தபோது, பிள்ளைகளிடம் அவர் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி பள்ளித் தரப்பில் கேட்டுக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொண்டு அப்படியே சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் அதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் போன பிறகு என்னிடம், “நாளைக்கு நான் செத்தாலும் இப்படித்தான் சொல்லுவீங்களா?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது உள்ளதைச் சொல்கிறோம்: வயசாகி, உடம்பு முடியாமல், இறந்துவிட்டார். பெற்றோருக்கு முன்பே தகவல் போகிறது. அவர் உட்காரும் நாற்காலியை அன்று அகற்றுவதில்லை. பிள்ளைகள் அவரைப் பற்றி ஞாபகமிருப்பதைச் சொல்கிறார்கள். சுற்றியிருக்கும் முதியவர்கள் அதைக் கேட்கிறார்கள். அவர்கள் அந்த நேரத்தில் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்தால், இதைப் பிள்ளைகளுக்காக மட்டும் செய்யவில்லை என்பது புரியும்.

இல்லத்தாரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு வாரமும் அதே பிள்ளைகள் வருவார்களா, அதே பிள்ளையோடு உட்கார முடியுமா என்று கேளுங்கள். எப்போது முடியும், எப்படி முடிப்பீர்கள் என்று கேளுங்கள். இதற்கு அவர்கள் விழித்தால் அதுவே பதில். நடுவில் எழுந்து போக விரும்பினால் யார் அழைத்துப் போவார்கள், படம் எடுப்பதற்கு முன் அம்மாவிடம் அனுமதி கேட்பார்களா என்பதும் முக்கியம். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளைகளை அன்று நிறுத்திவைப்பது, கை கழுவுவது, தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்பது ஆகியவை வழக்கமானவை, விட்டுவிடக் கூடாதவை.

அம்மா சொன்னதைத் திரும்பப் படித்தேன். பெத்ததுங்கள வளர்த்து ஆளாக்கியாச்சு. இது களைப்பாக இருக்கலாம். வாழ்நாளெல்லாம் பிள்ளை வளர்த்தவருக்கு மறுபடியும் அதே வேலையா என்ற அலுப்பு நியாயமானது. அப்படியென்றால் விட்டுவிடுங்கள், தீர்மானம் அவர் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் இதே வாக்கியத்தை, “என்னை இன்னும் யாரும் எதுக்கும் கூப்பிடுறதில்லையே” என்ற அர்த்தத்தில் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, உங்களால் முடியும். சந்தேகமாக இருந்தால் ஆறு வாரம் மட்டும் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடாமல், அம்மாவுக்குக் கைவந்த வேலை எதுவோ அதைச் செய்துகொண்டு அந்த அறையில் உட்காரட்டும், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில். மூன்றாவது வாரம் நீங்கள் போகும்போது பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். உங்கள் மனம் நோகக் கூடாதென்று ஆமாம் என்று சொல்லிவிடுவார். எந்தப் பிள்ளை பெயர் தெரியும் என்று கேளுங்கள். ஒரு பெயரும், அதோடு சேர்ந்து ஒரு குறையும் வந்தால், அது சரியாகச் சாப்பிடுவதே இல்லை, சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறது என்று ஏதாவது சொன்னால், தொடரட்டும். பெயர் எதுவும் வரவில்லையென்றால் ஆறு வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். அதில் அம்மாவின் குறை எதுவும் இல்லை, உங்கள் குறையும் இல்லை.